ஏழு நாள் பியானோ

"மத்தியானத்துல யாராவது தூங்குவாங்களா, நீங்க மட்டும் காபி குடிப்பீங்க, என்னை மட்டும் படுக்கச் சொல்வீங்க, எங்கம்மா இப்படியெல்லாம் பண்ணவே மாட்டா." இதானேடி சொன்ன? ஒரு எழுத்தாவது விட்டுப்போச்சா? உங்கம்மா என் கூடப் பொறந்தவ. அவ என்னென்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். காலை நீட்டு, தாரகா. தலகாணியை உதைக்காத. கதை சொல்றேன், ஆனா 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா எழுந்து போயிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரி இருந்தா. அவ படிச்ச கான்வென்ட்ல, ஹால்ல ஒரு பெரிய பியானோ. தனி ஃபீஸ் கட்டினவளுங்கதான் வாசிக்கலாம். இவளுக்குத் துடைக்கிற வேலை. மஞ்சத்துணியால மூடியைப் பளபளன்னு துடைப்பா, உள்ளே ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்ல. முப்பத்தஞ்சு வருஷமா விரலெல்லாம் நமநமன்னுச்சு. அப்புறம் ஒரு நாள் அடம்பிடிச்சு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கிட்டா. கரன்ட்ல ஓடற பியானோ. தடால்னு வந்து இறங்குச்சு பெட்டி.

அவ வீட்டுக்காரர் ஒரு சந்தேகக்காரர். "இந்த வயசுல இதெல்லாம் உனக்கு வருமா? ஏழு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம். அதுக்குள்ள ஒரு பாட்டை ரெண்டு கையாலயும் வாசி. இல்லேன்னா ஏழாம் நாள் நாலு மணிக்கு ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவான்"னார்.

"ஏழு நாள் எதுக்கு? மூணே நாள்"ன்னுட்டா. வாய்!

"பெரியம்மா, அது நம்ம பெரியப்பாவா?"

ஊர்ல சந்தேகக்காரருக்கா பஞ்சம்? குறுக்கே பேசாத.

பெட்டி வந்தது சரஸ்வதி பூஜை அன்னிக்கு. ஸ்விட்சைப் போடப் போறா, மாமியார் "நில்லு!"ன்னாங்க. "வாசிக்கிற சாமான், முதல்ல பூஜைல வைக்கணும். இன்னிக்கு யாரும் தொடக்கூடாது." சந்தனத்தைக் குழைச்சு, அம்பத்திரண்டு வெள்ளைக் கட்டைக்கும் சொட்டு சொட்டா பொட்டு. அதுக்கு மேல குங்குமம். முன்னாடி சுண்டல், சர்க்கரைப் பொங்கல். மறுநாள் கற்பூரம் காட்டினப்புறம் தொட்டுப் பார்த்தா, சந்தனம் காஞ்சு இறுகி, நடுவுல நாலு கட்டை அமுங்கினது எழுந்திருக்கவே இல்ல! பழைய டூத் பிரஷை வெச்சு சரக் சரக், சரக் சரக். பூஜையோட சேர்த்து மூணு நாள் போச்சு.

"ம்."

அப்புறம் நாலாம் நாள் ஸ்விட்சைப் போட்டா. பச்சை லைட் எரியுது. கட்டையை அமுக்கினா டொக். டொக். டொக். பாட்டு இல்ல, வெண்டைக்காய் நறுக்கற சத்தம். பேப்பருக்குப் பின்னாலேர்ந்து சந்தேகக்காரர், "ராகம் பிரமாதம்"ங்கறார். அவளுக்கு வந்துச்சே கோவம்! கடைக்கு ஃபோன் போட்டு இங்கிலீஷ்லயே கிழிகிழின்னு கிழிச்சா. கடைக்காரர் பொறுமையா, "மேடம், ஹெட்ஃபோன் மாட்டியிருக்கா பாருங்க. மாட்டியிருந்தா வெளியே சத்தம் வராது"ன்னார். குனிஞ்சு பார்த்தா, அடியில இருக்கிற ஓட்டைல ஹெட்ஃபோன் ஒயர்!

"நான்தான் சொருகினேன்"ன்னாங்க மாமியார். "பொங்கல் வெச்ச இடம். ஓட்டை வழியா எறும்பு உள்ளே போயிடாதா? பெட்டில இது இருந்துச்சு, அளவாப் பொருந்துச்சு, அடைச்சுட்டேன்."

பட்டுன்னு பிடுங்கினா. டிங்ங்ங்! வீடே நிமிர்ந்து உட்கார்ந்துச்சு.

மிச்சம் மூணு நாள். கூட வந்த புஸ்தகத்துல முதல் பாட்டு, எட்டே வரி. வலது கை ஒரே நாள்ல பழகிடுச்சு, டிங் டிங் டிடிங். இடது கைக்கு ரெண்டே கட்டை, மாறி மாறி, டம்... டம். ஆனா சேர்த்து வெச்சா, வலது பண்றதையே இடதும் பண்ணுது. இல்லேன்னா பேசாம வேடிக்கை பாக்குது. 'ம்' எங்கேடி?

"ம்..."

ஆறாம் நாள் எரிச்சல்ல ஏதோ பொத்தானைக் குத்தினா. அவ்வளவுதான், பியானோ தானாவே வாசிக்க ஆரம்பிச்சுடுச்சு, கலகலன்னு, பத்து விரலும் பறக்கிற மாதிரி! குளிச்சுட்டிருந்த சந்தேகக்காரர் துண்டோட ஓடி வந்து, "நீயா? இனிமே திருப்பி அனுப்பற பேச்சே இல்ல!"ன்னார்.

அவ பேசாம இருந்திருக்கலாம். இருந்தா, அரை நிமிஷம். அப்புறம், "நான் இல்ல, பொத்தான்"னு சொல்லிட்டா.

"அப்போ நாளைக்கு நாலு மணி"ன்னுட்டு அவர் குளிக்கப் போயிட்டார்.

ஏழாம் நாள். கீழே வண்டி வந்து டர்ர்ர்னு நின்னுச்சு. காலிங் பெல் கிர்ர்ர். இவ உட்கார்ந்திருக்கா, வலது கை ஓடுது, இடது கை மடியில. அப்போ மாமியார் அடுப்பை அணைச்சுட்டு வந்து, "தள்ளு"ன்னு இடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தாங்க. "மூணு நாளா கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அந்த ரெண்டு கட்டையை நான் பாத்துக்கறேன்."

டிங் டிங் டிடிங், டம். டிங் டிங் டிடிங், டம். எட்டு வரியும் தப்பே இல்லாம!

"ரெண்டு கையாலயும்னு சொன்னேன்"னார் சந்தேகக்காரர்.

"எண்ணிப் பாருடா"ன்னாங்க மாமியார், திரும்பாமலே.

எண்ணினார். ரெண்டு. வந்த ஆளுக்கு ஒரு காபியைக் குடுத்து வெறுங்கையோட அனுப்பிட்டார்.

பியானோ வீட்டுல நின்னுச்சு, கதையும் இங்கே நின்னுச்சு, கண்ணை மூடு.

மாமியாரா? சின்ன மகன் வீட்டுக்கு பம்பாய் போய் ஏழு மாசமாச்சு. அங்கே பேரன் பொறந்திருக்கான், இப்போதைக்கு வர மாட்டாங்க. இடது கை இன்னும் மக்காத்தான் இருக்கு. ரெண்டே கட்டைதாண்டி, மாறி மாறி. எழுந்ததும் என் பக்கத்துல வந்து உட்கார்றியா?

தாரகா? 'ம்' சொல்லேன்.