பன்றி வேட்டைக் காவியம் திருத்தப்பட்ட விதம்

வேங்கைக்குடி மன்னர் வல்லவராயருக்குத் திடீரென்று காவியம் எழுதும் ஆசை வந்துவிட்டது. ராஜாவுக்கு வந்த ஆசையை யார் தடுப்பது? தாம் பன்றி வேட்டையாடிய கதையைக் கட்டுக்கட்டாக ஓலையில் எழுதித் தள்ளினார்.

பிழை பார்க்க வந்த புலவர் முதல் ஓலையிலேயே பிழை கண்டார். "ராஜா எழுத்தில் பிழையா? போடு சிறையில்!" நடையைச் சீராக்க வந்தவர், "அங்கங்கே கொஞ்சம் நொண்டுகிறது" என்றார். அவருக்கும் சிறை. கதையமைப்பைப் பார்க்க வந்தவரோ, "பன்றி வருவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது அரசே" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அப்புறம் சிறைக்குள்ளே இலக்கிய விவாதம் அமர்க்களப்பட்டது.

கடைசியில் திருத்தும் வேலை மந்திரி அம்பலவாணர் தலையில் விடிந்தது.

"நீர் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. ஆனால் அரங்கேற்றத்தில் ஒருவரும் கொட்டாவி விடக்கூடாது. விட்டால் நீரும் உள்ளே!" என்றார் மன்னர்.

அம்பலவாணர் பணிவாகத் தலையாட்டினார்.

"ஆகட்டும் அரசே. நம் வழக்கம் தெரியுமல்லவா? வாசித்து முடிக்கும்வரை ஆசிரியர் பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. சபையில் வாசித்தது மட்டும்தான் நூல்."

"எனக்கே சொல்லித்தருகிறீரா? அப்படியே நடக்கட்டும்."

அம்பலவாணர் நேரே சமையற்காரர் கோலப்பனிடம் போனார். "அன்றைக்கு மண்டபத்துச் சன்னலுக்கு வெளியே அடுப்பைப் போடப்பா. காற்றைப் பார்த்துப் போடு."

அரங்கேற்றம் தொடங்கியது. மன்னர் தம் குதிரையின் கொள்ளுத்தாத்தாவை வர்ணித்துக்கொண்டிருந்தார். நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை மெல்ல உள்ளே வந்தது. மன்னர் எச்சில் விழுங்கினார்.

"ம்... குதிரைக்கு வம்சம் எதற்கு?" பத்து ஓலையைப் புரட்டினார்.

காடு வந்தது. கூடவே வடை வாசனையும் வந்தது. "காட்டை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள்!" ஒரு கட்டு ஓலையையே ஒதுக்கினார். பன்றி பாய்ந்தது, ஈட்டி பறந்தது, கதை முடிந்தது. கொட்டாவி விட யாருக்கும் நேரமில்லை. சபை எழுந்து ஆரவாரித்தது.

இலையில் கைவைத்த பிறகுதான் மன்னருக்கு நினைவு வந்தது. "பலே! எங்கே ஐயா திருத்தினீர்?"

"நான் தொடவே இல்லை. வெட்டியவர் தாங்கள். வெட்டவைத்தவர் அதோ, கரண்டியோடு நிற்கிறார்."

மன்னர் புரையேறச் சிரித்தார். "கெட்டிக்காரர்தான் நீர்! ஆனால் அடுத்த காவியத்துக்கு வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வாசிக்க உட்காருவேன். வழக்கமாவது ஒன்றாவது! அப்போது என்ன செய்வீராம்? சரி, என்ன பரிசு வேண்டும், கேளும்."

அம்பலவாணர் கைகூப்பினார்.

"அந்த அடுத்த காவியத்துக்காகத்தான் கேட்கிறேன் அரசே. உள்ளே இருக்கும் மூவரையும் இன்றே விட்டுவிடுங்கள்."