ஓடை நடுவரை விரிந்த வலை

காட்டோடைக் கரையில் ஒரு புங்க மரம். அதில் வெள்ளச்சி என்ற சிலந்தி குடியிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு வலை, அதன் நடுவில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு முட்டைப் பை. அதற்குள் அவள் பிள்ளைகள். பொரிகிற வரைக்கும் அந்தப் பையைக் காப்பாற்றிவிட்டால் போதும், அவளுக்கு வேறு கவலை இல்லை. பக்கத்துக் கிளையில் பூவாயி என்ற சின்னச் சிலந்தி தன் வலையைக் கட்டிக்கொண்டு சிவனே என்று கிடந்தாள்.

சிலந்திகளுக்குக் கண்பார்வை மட்டம். இழையில் கால் வைத்திருப்பார்கள். இழை அதிர்ந்தால் இரை விழுந்தது என்று ஓடுவார்கள். பிழைப்பே அதில்தான்.

ஒரு நாள் வெள்ளச்சிக்குக் கொழுத்த விட்டில் ஒன்று கிடைத்தது. தின்றதும் தெம்பு தலைக்கேறியது. "இத்துனூண்டு வலைக்குள்ள நான் ஏன் முடங்கிக் கிடக்கணும்?" என்றாள். இழைகளை இழுத்து இழுத்து ஓடை நடுவரைக்கும் பரப்பினாள். முட்டைப் பை இப்போது தண்ணீருக்கு மேலே தொங்கியது. வலை பெரிதாகப் பெரிதாக இழை மெலிந்ததை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் பூவாயியும் தன் வலையைக் கொஞ்சம் அகலமாக்கப் பார்த்தாள். எந்தப் பக்கம் நூல் விட்டாலும் வெள்ளச்சியின் இழை குறுக்கே நின்றது.

"அக்கா, ஒரே ஒரு இழை கட்ட இடம் விடுங்க."

"நான் விரிஞ்சிருக்கிற வரைக்கும் இங்க வேற யாரும் விரிய முடியாது, போ."

பூவாயிக்கு அழுகை வந்தது. மரப்பொந்துக்குள் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

அணு என்கிறோமே, அதற்கும் இதே புத்திதான். ஒளியை விழுங்கி அளவுக்கு மேல் தெம்பு ஏறிவிட்டால் ஊதிப் பெரிதாகும். அப்புறம் பக்கத்து அணுவை ஊத விடாது. ஆனால் எங்கேயோ தள்ளி இன்னொரு அணு ஊதி நின்றால், அது இழுத்த இழுப்புக்கெல்லாம் ஆடும்.

வெள்ளச்சிக்கும் அப்படி ஒருத்தி வந்து வாய்த்தாள். எதிர்க்கரை நாவல் மரத்து மாரக்காள். அவளும் தன் வலையை ஓடை நடுவரைக்கும் விரித்தாள். இரண்டு வலைகளின் ஓர இழைகளும் காற்றில் பறந்து ஒட்டிக்கொண்டன. மாரக்காள் நடந்தால் வெள்ளச்சியின் வலை அதிர்ந்தது. இரை என்று வெள்ளச்சி ஓடினாள். அவள் ஓடியதில் அந்தப் பக்கம் அதிர்ந்தது. இரை என்று மாரக்காள் ஓடினாள். பொழுதெல்லாம் இதே கூத்து. இரண்டு வயிறும் காலி.

"யாருடி அங்க என் வலையை ஆட்டுறது?" என்று வெள்ளச்சி கத்தினாள்.

"ஆட்டுறது நீ, கேள்வி என்னையா? உன்னால ஓடி ஓடியே என் கால் ஓய்ஞ்சு போச்சு!"

"அப்போ நீ சுருக்கிக்கோ."

"முதல்ல நீ சுருக்கு."

ஒருத்தியும் சுருக்கவில்லை.

சாயங்காலம் வலை பலமாக அதிர்ந்தது. "மாரக்காள் வேலைதான். இனி நான் ஏமாற மாட்டேன்" என்று வெள்ளச்சி அசையாமல் இருந்தாள். விழுந்திருந்தது ஒரு முரட்டு வண்டு. அது உதறிய உதறலில் மெலிந்த இழைகள் படபடவென்று அறுந்தன. அவள் திரும்பிப் பார்த்தபோது முட்டைப் பை ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பூவாயி! ஒரு நூல் வீசு, என் பிள்ளைங்க விழப்போகுது!"

பூவாயி பொந்தை விட்டுப் பதறி ஓடி வந்தாள். கிளை நுனி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"எங்க நின்னு வீசுவேன் அக்கா? அந்தப் பக்கம் எனக்கு ஒரு இழைகூட இல்லையே."

ஒற்றை இழையும் அறுந்தது. பை ஓடையில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. எதிர்க்கரையில் மாரக்காள், தன் வலை அதிர்ந்ததும், இரை விழுந்தது என்று ஆசையாக ஓடி வந்தாள்.

அளவுக்கு மேல் விரிகிறவர் பக்கத்தில் இருப்பவரை வளர விடுவதில்லை. அவரே, தூரத்தில் இருப்பவர் ஆட்டுகிறபடியெல்லாம் ஆடுவார், விழும்போது பிடிக்க ஆளில்லாமல் நிற்பார்.