விரல் பட்ட பரங்கிக்காய்

படு. கண்ணை மூடு. வெயில் இறங்கினப்புறம் மாடிக்குப் போகலாம், இப்போ போனா உள்ளங்கால் அப்பளமாப் பொரிஞ்சிரும். என்னடி தாமரை, சாப்பிட்டதுலேர்ந்து அந்த விரலையே பார்த்துக்கிட்டுக் கிடக்கிறே?

"அத்தை, காலையில மாடியில பரங்கிப் பிஞ்சை உனக்குக் காட்டினேன்ல, அம்மா பார்த்துட்டு விரலை மடக்குன்னு திட்டினாங்க. நீட்டிக் காட்டினா பிஞ்சு அழுகிருமாமே, நெசமா?"

உங்கம்மா சொன்னாளா. சரி. நெசமா பொய்யான்னு கடைசியில நீயே சொல்லு. ஒரு கதை சொல்றேன், ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மொட்டை மாடி இருந்துச்சாம்.

"ராஜா இல்லையா?"

ராஜா வந்து செடிக்குத் தண்ணியா ஊத்தப் போறான்? மொட்டை மாடிதான். மாடிக்குக் கீழ எதிரெதிரா ரெண்டு வீடு, நடுவுல நாலு அடி நடை, அதுலேர்ந்து மேல போற படிக்கட்டு. ஒரு வீட்டுல ராஜம்னு ஒருத்தி இருந்தான்னு வெச்சுக்கோ. எதிர் வீட்டுல இருந்தவ பேரு தையல்நாயகி. தையு, தையுன்னு கூப்பிடுவா ராஜம். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. வாடி, போடி, கழுதைன்னுதான் பேச்சு. ஒருத்தி வீட்டுல காபிப்பொடி தீர்ந்தா இன்னொருத்தி அடுப்படி வரைக்கும் போய் டப்பாவைத் திறந்து எடுத்துப்பா, கேக்கக்கூட மாட்டா.

அப்போ அந்த ரெண்டு பேருக்கும் செடிப் பைத்தியம் பிடிச்சுது. லேசாப் பிடிக்கலை, முத்திப்போய்ப் பிடிச்சுது. உடைஞ்ச பக்கெட், ஓட்டைக் குடம், சிமெண்ட் சாக்கு, ஒண்ணை விடலை. எல்லாத்துலயும் மண்ணு. அரிசி களைஞ்ச தண்ணி செடிக்கு, மீன் கழுவின தண்ணி செடிக்கு, முட்டை ஓடு செடிக்கு. கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்தணும்னு யாரோ சொன்னாங்கன்னு, ராஜம் வீட்டுக்காரருக்கு ஒரு மாசம் மோரே கிடையாது. அவரு சோத்துல ரசத்தை ஊத்திக்கிட்டு, "நானும் ஒரு தொட்டியில போய் உட்கார்ந்துக்கட்டுமா"ன்னு கேட்டாராம்.

சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சிரும்.

தை மாசம் விதை போட்டா மாசி கடைசியில பூக்கும். பனி போயி, வெயில் இன்னும் கடிக்க ஆரம்பிக்காத நாளு. தெருமுனை வேம்பு பூத்து மாடி வரைக்கும் மணக்கும். அந்த நாள்ல செடி வெச்சவளுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. அடுப்புல பால் வெச்சுட்டு ஓடிப்போய் ஒரு தடவை பார்த்துட்டு வருவா. பால் புஸ்ஸ்னு பொங்கி அடுப்பெல்லாம் ஓடும். தக்காளி சிவந்துச்சுன்னா, நாளைக்குப் பறிக்கலாம்னு விட்டா, அணில் வந்து கறுக் கறுக்குனு ஒரு கடி மட்டும் கடிச்சு வெச்சுட்டுப் போயிரும். முழுசாத் தின்னாக்கூட மனசு ஆறும். கீரை முளைச்சா காக்கா பிடுங்கிப் பார்க்கும், திங்கவும் செய்யாது, சும்மா பிடுங்கிப் போட்டுட்டுப் போகும். அதுக்கெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து வைவாங்க பாரு, தெருவே கேக்கும்.

ம் எங்கடி?

"ம்."

அதுல பரங்கிக்கொடி மட்டும் ராஜத்தோடது. ஒரு பழைய டிரம்மைப் பாதியா அறுத்து வெச்சிருந்தா. கொடி சரசரன்னு ஓடி, துணி காயப்போடுற கம்பி வரைக்கும் ஏறிருச்சு. மொத வருஷம் ஏழு காய். ஏழு! ஒண்ணொண்ணும் மடியில வெச்சுக்கிற பிள்ளை கனம். ராஜத்துக்குத் தலைகால் புரியலை. எல்லாம் தன் கைராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

தையு அதைக் கேட்டுச் சிரிப்பா. "உன் கொடிக்குத் தினம் காலையில ஒரு கல்யாணம் பண்ணி வெக்கிறேன்டி, எனக்கு ஒரு வாய் விருந்து போடுறியா நீ?"ன்னு கேப்பா. ராஜம், "போடி வேலையத்தவளே"ன்னுட்டுப் போயிருவா. என்ன கல்யாணம், யாருக்குக் கல்யாணம்னு ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன்னா காலையில ஆறு மணிக்குத்தான் தெருக்குழாய்ல தண்ணி வரும். ராஜத்துக்கு ரெண்டு பசங்க, நிறையத் தண்ணி வேணும், குடத்தோட வரிசையில நின்னுருவா. தையுவுக்கு ரெண்டு குடம் போதும், விடியிறதுக்கு முன்னாடியே கைபம்புல அடிச்சு வெச்சுப்பா. ஆறு மணிக்கு மாடியில இருப்பா.

தையுவுக்குக் குழந்தை இல்லை. அதைப் பத்தி ஊரே பேசும். ராஜம் பேசினதில்லை. அதனாலதான் தையு அவ வீட்டுக்கு மட்டும் வருவா.

அப்புறம் ரெண்டாவது வருஷம் வந்துச்சு. மொத பிஞ்சு தலை காட்டின அன்னிக்கு ரெண்டு பேரும் மாடியில நிக்கிறாங்க. தையு சந்தோஷத்துல, "அதோ பாருடி!"ன்னு விரலை நீட்டிட்டா. ராஜம் பதறி அவ கையைத் தட்டிவிட்டா. "விரலை மடக்குடி, பிஞ்சு அழுகிப் போயிரும்." அவ ஊர்ல அப்படித்தான், பூசணி, சுரை, பரங்கி எதுன்னாலும் விரலை மடக்கி, முட்டியாலதான் காட்டுவாங்க. தையு சிரிச்சுட்டு விரலை மடக்கிக்கிட்டா.

மறுநாள் தையுவோட அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு தகவல் வந்து, பத்து நாளுக்கு மாயவரம் போயிட்டா.

அப்போ என்ன ஆச்சு? மொத பிஞ்சு கோலிக்குண்டு அளவுல மஞ்சளாப் பழுத்து, பொத்துனு விழுந்துருச்சு. ரெண்டாவது பிஞ்சு எலுமிச்சை அளவு வந்துச்சு. தினம் தடவிக் கொடுத்தா. அதுவும் நுனியில அழுகி, பொத். ராஜம் அதைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. யாரு விரலை நீட்டினான்னு நினைச்சா. அப்புறம் இன்னொண்ணும் நினைச்சா. ஊர் பேசினப்போ காதைப் பொத்திக்கிட்டாளே, அந்தப் பேச்சு பூராவும் அவ மனசுக்குள்ளதான் இருந்திருக்கு. அது அன்னிக்குத்தான் அவளுக்கே தெரிஞ்சுது.

மூணாவது பிஞ்சு வந்துச்சு. பத்து நாள் முடிஞ்சு தையுவும் ராத்திரி பஸ்ல வந்து இறங்கிட்டா. மறுநாள் காலையில ராஜம் தண்ணிக்கு நிக்கலை. குடத்தை வரிசையில வெச்சுட்டுப் பூனையா மாடிப்படி ஏறினா. ஏறிப் பார்த்தா, தையு கொடிக்கு முன்னாடி குந்தியிருக்கா. பிஞ்சுக்கு மேல பூ விரிஞ்சிருக்கு. தையு சுட்டுவிரலை நல்லா நீட்டி, அந்தப் பிஞ்சுகிட்டக் கொண்டுபோய்ப் பூவைத் தொடுறா. விரல் நுனி பூரா மஞ்சளா ஏதோ பொடி.

"பொடியா? செய்வினையா அத்தை?"

ராஜமும் அப்படித்தான் நினைச்சா. உனக்கு ஏழு வயசு, நினைக்கலாம். அவளுக்கு முப்பத்திரெண்டு.

"என்னடி பண்றே?"ன்னு கத்தினா. தையு திடுக்குனு திரும்பி, சிரிச்சா. ஏதோ சொல்ல வாயெடுத்தா. ராஜம் விடலை. "உனக்குத்தான் ஒண்ணும் காய்க்கலை, என் கொடியாவது காய்க்கட்டும்னு விடேன்டி"ன்னுட்டா.

"…"

ம் கொட்டலையே நீ. பரவாயில்லை, இந்த இடத்துல வேண்டாம்.

தையு அழலை. தன் விரலை ஒரு நிமிஷம் பார்த்தா. முந்தானையில அந்த மஞ்சளைத் துடைச்சா. படியிறங்கிப் போயிட்டா. தட், தட், தட்னு செருப்புச் சத்தம், அப்புறம் கதவு மூடுற சத்தம்.

அந்த மூணாவது பிஞ்சு இருக்கே, அது விழலை. நாளுக்கு நாள் உருண்டு திரண்டு வந்துச்சு. ராஜம் அதைப் பார்த்துப் பார்த்து, "நல்லவேளை, நேரத்துக்குப் போய்த் தடுத்தேன்"னு பெருமைப்பட்டுக்கிட்டா. மூதேவி.

அதுக்கப்புறம் தையு மாடிக்கே வரலை. அவ ரோஜாத்தொட்டியைக்கூட எடுத்துட்டுப் போகலை. இப்போ விரலை நீட்ட ஆளே இல்லை. அப்போ எல்லாப் பிஞ்சும் நிக்கணும்ல? நாலாவது, பொத். அஞ்சாவது, பொத். ஆறாவது, பொத். ராஜம் சாம்பல் தூவிப் பார்த்தா. அறுந்துபோன செருப்பைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டா. மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டு, வீடே லொக்கு லொக்குனு இருமுச்சு. பிஞ்சு மட்டும் விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

அப்போ தெருவுல தள்ளுவண்டியில நாத்து விக்கிறவர் ஒருத்தர் வருவாரு. ராஜம் அவரை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. அவரு சுத்திமுத்திப் பார்த்துட்டு, "ஏம்மா, இங்க தேனீ வருதா?"ன்னாரு.

"தேனீயா? பார்த்ததே இல்லையே."

"பின்ன எப்படிம்மா பிஞ்சு நிக்கும்? இதுல ஆண்பூ வேற, பெண்பூ வேற. ஆண்பூவுல இருக்கிற மஞ்சப் பொடியை விரல்ல தொட்டு, பெண்பூவுல ஒத்தணும். வெள்ளன ஆறு மணிக்கெல்லாம் செய்யணும், வெயில் வந்தா பூ மூடிக்கும்."

"போன வருஷம் ஏழு காய் காய்ச்சுதே! நான் ஒண்ணுமே செய்யலையே?"

"நீங்க செய்யலைன்னா வேற யாரோ செஞ்சிருக்காங்க"ன்னாரு.

அவரு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. ராஜம் அந்த டிரம் பக்கத்துலயே உட்கார்ந்துட்டா. தினம் காலையில ஒரு கல்யாணம். பொட்டச்சி எத்தனை தடவை சொல்லியிருக்கா! ஒரு காய்க்கு ஒரு காலைன்னு, யாருக்கும் தெரியாம, எதிர்வீட்டுக்காரி கொடியைக் காய்க்க வெச்சிருக்கா. அவ ஊருக்குப் போன பத்து நாள்ல ரெண்டும் விழுந்துச்சு. அவ விரல் பட்டது ஒண்ணுதான் நின்னுச்சு.

அப்புறம் ராஜம் அந்த ஒரே காயை அறுத்தா. நல்லா முத்தின காய். இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு இறங்கினா. என்ன சொல்லணும்னு படியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தா. "மன்னிச்சிருடி. நான் ஒரு கழுதைடி. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சிருடி." டொக் டொக்னு கதவைத் தட்டினா. கதவு திறந்துச்சு. தையு என்னைப் பார்த்தா. பார்த்துட்டு, "வாங்க"ன்னா.

"உன்னையா? ராஜத்தைத்தானே அத்தை?"

…ஆமாடி. என்னைத்தான். ராஜமும் இல்லை, கீஜமும் இல்லை.

"வாங்க, உட்காருங்க, காபி குடிக்கிறீங்களா"ன்னா. நான் படியில சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் 'டி' போட்டது. அந்த 'ங்க'வுக்கு முன்னாடி அதுல ஒண்ணும் வாயில வரலை. எப்படியோ, மன்னிச்சிருன்னு சொன்னேன். அவ, "அதுக்கென்னங்க, பரவாயில்லைங்க"ன்னா. திட்டியிருக்கலாம். காயைத் தூக்கி என் தலையில போட்டிருக்கலாம். ரெண்டு கையாலயும் மரியாதையா வாங்கிக்கிட்டா.

மறுநாள் ஒரு கிண்ணத்துல பரங்கிக்காய் பால்கூட்டு வந்துச்சு. கூடவே ஒரு பொட்டலம். விதையெல்லாம் எடுத்துக் கழுவிக் காயவெச்சு, காகிதத்துல மடிச்சு, "இது உங்களோடது"ன்னு கொடுத்துட்டுப் போனா. கூட்டு அவ்வளவு இனிப்பு. நான் பசங்களுக்கே போட்டுட்டேன்.

"அப்புறம் ரெண்டு பேரும் பேசினீங்களா?"

பேசாம என்ன? இன்னும் ஏழு வருஷம் அந்த வீட்டுல இருந்தேன். பார்க்கும்போதெல்லாம் பேசினா. "சௌக்கியமா இருக்கீங்களா? பசங்க நல்லாப் படிக்கிறாங்களா?" ஏழு வருஷமும் ஒரு நாள் தவறாம 'ங்க'தான். மாடிக்கு மட்டும் வரவே இல்லை. ரோஜாவுக்கு நான்தான் தண்ணி ஊத்தினேன். நாங்க வீட்டைக் காலி பண்ணின அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க"ன்னா.

இப்போ நம்ம மாடியில நிக்குதே பரங்கி, அது அந்த விதையோட விதைதான். நாளைக்கு ஆறு மணிக்கு எழுப்புறேன், எழுந்திரிக்கணும். ஆண்பூ எது, பெண்பூ எதுன்னு காட்டுறேன். நல்லா விரலை நீட்டி ஒத்து. உங்கம்மா வந்து கேட்டா அத்தை சொன்னான்னு சொல்லு.

"ம்… அத்தை, பெரியவங்களை நீன்னு சொல்லக்கூடாதாம். உன்னையும் நீங்கன்னுதான் கூப்பிடணுமாம். அம்மா சொன்னாங்க."

வேண்டாம். உங்கம்மா அடிச்சாலும் சரி, நீ என்னை 'நீ'ன்னே கூப்பிடு.

"சரி… நீயும் தூங்கு."

நான் தூங்குறேன். கொடி காஞ்சுது, காய் தீர்ந்துது, கதையும் முடிஞ்சுது. கண்ணை மூடுடி.