கடலை ஹாலுக்குள் கொண்டு வந்த டீச்சர்

ஆசிரியர்களுக்குக் கடலியல் பயிற்சி என்றார்கள். மாவட்டத்துக்கு ஒருவராக வந்து, கடற்கரையோரக் கட்டடத்தில் உட்கார்ந்தோம். ஜன்னல் பூராவும் கனத்த திரை, உள்ளே ஏசி. முனைவர் ஆளவந்தார் புரொஜெக்டரில் அலைகளைக் காட்டிக்கொண்டே இருந்தார். வெளியே அலைச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று மைக்கைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

கடைசி நாள், கொல்லிமலைப் பள்ளியிலிருந்து வந்திருந்த செவ்வந்தி டீச்சர் எழுந்து, "சார், ஒரு தடவை கரைக்குப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

முனைவருக்குச் சுருக்கென்றது. "வெயில்ல நின்னு வேடிக்கை பாக்கறதுக்குப் பேரு பயிற்சியா? நல்ல டீச்சர்னா கடலையே வகுப்புக்குள்ள கொண்டு வரணும். எங்கே, நீங்க இந்த ஹாலுக்குள்ள கொண்டு வாங்க பாப்போம். படம் கூடாது, பாட்டில்ல தண்ணி கூடாது. முடியலேன்னா உங்களுக்குச் சான்றிதழ் கிடையாது."

முன்வரிசை சிரித்தது. சான்றிதழ் இல்லாமல் போனால் தலைமையாசிரியர் சும்மா விடமாட்டார்.

"உக்காந்த இடத்திலேருந்து எல்லாருக்கும் தெரிஞ்சா போதுமா சார்?"

"தாராளமா!"

செவ்வந்தி டீச்சர் நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார். பளீரென்று வெளிச்சம் பாய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுக்கடலும் கிடந்தது. ஒரு படகு அலையில் ஏறி இறங்கியது. சிரித்த முன்வரிசைதான் முதலில் எழுந்து ஓடியது.

அந்த வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போனது. முனைவர் பதறிவிட்டார். "மூடுங்க மேடம், மூடுங்க! கடல் தெரியலை!"

செவ்வந்தி டீச்சர் திரையைப் பிடித்தபடியே பணிவாகத் திரும்பினார்.

"எந்தக் கடல் சார்?"