சக்கையில் போன தித்திப்பு

அந்தக் காலத்தில், மிருகங்கள் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, பன்றி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கும். மலையில் மேலூர்க்காரர்கள் கேழ்வரகுக் கள் வடித்தால், சாறு இறக்கிய சக்கையைக் கட்டையன் என்கிற பன்றியின் முன்னால் வைப்பார்கள். அது ருசித்துத் தின்றால் நல்ல கள் என்பது ஊர் வழக்கம்.

கொம்பாயி வைக்கும் சக்கைக்குக் கட்டையன் கண்ணை மூடித் தலையாட்டும். அதனால் கள் வடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அவளும் அதை மறுத்ததில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஓடைத் தண்ணீருக்காக மேலூரும் கீழூரும் தடியெடுத்தன. பிறகு ஒருவழியாகச் சமாதானம் பேசினார்கள்.

"ஒரே பானைக் கள்ளை ரெண்டு ஊரும் குடிக்கணும். ஒருத்தருக்கு இல்லைன்னாலும் பேச்சு முறிஞ்சது" என்றார் கீழூர்த் தலைவர் சடையன்.

வடிக்கும் பொறுப்பு கொம்பாயிக்கு வந்தது. அவள் மகள் வாழ்க்கைப்பட்டது கீழூரில். பேச்சு முறிந்தால் முதல் தடி விழுவது மருமகன் தலையில்தான். கேழ்வரகோ வழக்கத்தில் பாதிகூட இல்லை.

முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை அவள் ஒன்றிரண்டாக உடைத்தாள். அடியில் ஓட்டையுள்ள சின்னப் பானையில் வைக்கோல் பரப்பி, கொஞ்சத்தை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து வெள்ளோட்டம் பார்த்தாள்.

"மொத்தமா ஊத்து ஆத்தா. நல்லாக் கிண்டு. வேலை சட்டுனு முடியும்" என்றது கட்டையன்.

எப்போதும்போல அப்படியே செய்தாள். சாறு தண்ணியாக வந்தது. கட்டையனோ சக்கையைத் தின்று சொக்கிப்போய் நின்றது. கொம்பாயிக்குச் சுருக்கென்றது. சக்கையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள். தித்தித்தது.

"அடப்பாவி, இத்தனை நாளா நீ மெச்சினது என் கைப்பக்குவத்தை இல்லையா? நான் விட்டுட்டுப் போன தித்திப்பையா?"

கட்டையன் வேறு பக்கம் பார்த்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. மிச்சக் கேழ்வரகை அதேபோல் ஓட்டையும் வைக்கோலும் உள்ள பெரிய பானையில் ஊறவைத்தாள். முதலில் இறங்கிய கலங்கல் சாற்றை மறுபடி மேலேயே விட்டாள். சாறு தெளிந்த பிறகு, சுரைக்குடுக்கையால் வெந்நீரைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கிண்டவே இல்லை. அவசரத் தண்ணீர் ஒரே வழியைப் பிடித்து ஓடிவிடும். நிதானத் தண்ணீர்தான் மணி மணியாகக் கழுவிக்கொண்டு இறங்கும். சக்கை சப்பென்று ஆனதும் நிறுத்தினாள். கீழே வைத்திருந்த சாற்றுப் பானை கழுத்துவரை நிறைந்திருந்தது.

சாறு புளித்துக் கள்ளாகி, இரண்டு ஊரும் கூடிய அன்று கட்டையன் நடுவில் வந்து நின்றது.

"இந்தக் கள்ளு உதவாது. சக்கை வெறும் உமி மாதிரி இருந்துச்சு."

கூட்டம் முணுமுணுத்தது. கொம்பாயி முதல் குடுக்கையைச் சடையனிடம் நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தார்.

"பன்றி கெடக்குது. இன்னொண்ணு ஊத்து தாயி."

கடைசி ஆள் குடித்த பிறகும் பானையில் கள் இருந்தது. மருமகன் மாமியாரைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ என் தித்திப்பு எங்கதான் போச்சு?" என்று கேட்டது கட்டையன்.

"பானை அடியில ஓட்டையைப் பார்த்தியே. மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும். தோண்டிப் பாரு."

அன்று முதல்தான் கள் வடிக்கிறவர்கள் சக்கையைத் தாங்களே வாயில் போட்டுப் பார்க்கிறார்கள். பன்றி இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறது.