ஏழு ஊருக்கு ஓர் எண்

முன்பு ஒரு காலத்தில் ஆலநாடு என்ற நாட்டைக் கண்டீரவன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் காலையில் ஒரு மோகம், மாலையில் வேறொரு மோகம். அந்தக் கோடையில் அவனுக்கு எண்கள்மேல் மோகம்.

பயிர் வாடுகிறது, பெரிய ஏரியின் மதகைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டு ஏழு ஊர்க்காரர்கள் அரசவைக்கு வந்தார்கள். அமைச்சர் சேந்தனார் அவர்களுக்காகப் பேசினார். தோட்ட அதிகாரி கொங்கராயருக்கு அது பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் அவருக்கு ஒரு வாழைத்தோப்பு இருந்தது. தவிர, சேந்தனார் எது பேசினாலும் அவருக்குப் பிடிக்காது.

அவர் அரசனிடம் ஒரு யோசனை சொன்னார். அரசர் ஓர் எண் சொல்லட்டும். அதை ஏழால் வகுத்து மிச்சமில்லாமல் போனால், தண்ணீர் ஏழு ஊருக்கும். மிச்சம் விழுந்தால் தண்ணீர் முழுவதும் தோப்புக்கு.

அரசனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சின்ன எண் கூடாது, லட்சக்கணக்கில் இருக்க வேண்டும் என்று அவனே ஒரு விதியும் சேர்த்தான். ஊர்க்காரர்களின் முகம் தொங்கிப்போயிற்று.

சேந்தனார் மறுக்கவில்லை. “அவ்வளவு நீள எண்ணைச் சொல்லி அரசர் ஏன் சிரமப்பட வேண்டும்? மூன்று இலக்கம் சொன்னால் போதும். அரசர் சொல்வதைக் கட்டியக்காரர் ஒருமுறை திருப்பிச் சொல்வது இந்தச் சபையின் வழக்கம். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஆறு இலக்கம் ஆகிவிடும்” என்றார்.

கொங்கராயர் விரல்விட்டு எண்ணினார். முந்நூற்று அறுபத்தைந்தை ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். இருமுறை எழுதினால் இரண்டு மிஞ்சும் என்று முடிவுகட்டி, அரசனின் காதில் அந்த எண்ணையே ஓதினார்.

“மூன்று, ஆறு, ஐந்து” என்றான் அரசன்.

“மூன்று, ஆறு, ஐந்து” என்று முழங்கினார் கட்டியக்காரர்.

கணக்கர் மணல் பலகையில் 365365 என்று எழுதி, ஏழால் வகுத்தார். விடை 52195. மிச்சமில்லை. கொங்கராயர் மறுபடி வகுக்கச் சொன்னார். அப்போதும் மிச்சமில்லை.

“இது எப்படி ஐயா?” என்று சேந்தனாரைக் கேட்டான் அரசன்.

“மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இருமுறை எழுதினால், அதை ஆயிரத்தொன்றால் பெருக்கியதாகிவிடும், அரசே. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஆயிரத்தொன்று. அதனால் நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் ஏழால் வகுபட்டிருக்கும். இந்த விடையைப் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் வகுத்துப் பாருங்கள்.”

அரசனே மணல் பலகைமுன் உட்கார்ந்து வகுத்தான். முதலில் 4745 வந்தது. பிறகு 365.

“நான் சொன்ன எண் என்னிடமே வந்துவிட்டதே” என்று சிரித்தவன், தன் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனார் கழுத்தில் போட்டான். மதகைத் திறக்க ஆணையும் பிறந்தது.

கொங்கராயர் இழுத்தார்: “அரசே, ஏழு ஊரும் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு...”

“மிச்சம் நீர்தான்” என்றான் அரசன்.

கொங்கராயர் முகம் மலர்ந்தது. தோப்புக்கு வாய்க்கால் வெட்ட ஆளனுப்பத் திரும்பினார்.

“அவசரப்படாதீர். ஏரியில் இருக்கும் நீரைச் சொல்லவில்லை. எதிரே நிற்கும் உம்மைச் சொன்னேன்.”

ஊர்க்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மதகைத் திறக்கப் புறப்பட்டார்கள்.