சிப்பி கீறுன கோடு

கேளுங்க, எல்லாரும் கிட்ட வந்து கேளுங்க. இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல், நடுவுல நாக்கு மாதிரி ஒரு துண்டு நெலம். அந்தத் துண்டு நெலத்துக்கும் ஒரு காலத்துல ஒரு ராஜா இருந்தாரு. அவரு பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும், மீன்ராஜான்னே வச்சுக்கங்க.

மீன்ராஜா தட்டுல தெனமும் ரெண்டு மீன் இருக்கணும். வலது பக்கம் காயல் மடவை, இடது பக்கம் கடல் வாவல். ஒண்ணு கொறஞ்சாலும் போச்சு. "ம்ம்ம்! எங்கய்யா எம் இன்னொண்ணு?"ன்னு வாய் நெறையச் சோத்தோட கத்துவாரு. எதுக்க நிக்கிற மந்திரி மூஞ்சியெல்லாம் பருக்கை.

அந்த நாட்டுக்குப் பொழைக்க வர்றவங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ராஜாவோட படகுப் பட்டறையில ஒரே ஒரு படகு சும்மா கெடைக்கும். எடுத்த அன்னைக்கே காயல்ல ஒரு மீனும் கடல்ல ஒரு மீனும் புடிச்சு, சூரியன் விழுறதுக்குள்ள ராஜா தட்டுல வச்சிரணும். வச்சா குடிசை போட எடம். வைக்கலைன்னா அன்னைக்கே எல்லையத் தாண்டிரணும்.

ஏன் அப்படி? மழைக்காலத்துல கடல் கொந்தளிக்கும், காயல்லதான் மீன். வெயில்காலத்துல காயல் வத்திரும், கடல்லதான் மீன். ஒரு தண்ணியில மட்டும் பொழைக்கிறவன் மிச்ச ஆறு மாசம் அரமண வாசல்ல வந்து உக்காந்துருவான். ராஜாவுக்கு வயிறுதான் பெருசு, மனசு அவ்வளவு பெருசில்ல.

அப்படி வந்து நின்னவதான் குமுதாயி. கூட அவ புருசன் சோலையன். ரெண்டு பேரும் கொளத்து ஊர்க்காரங்க. வாழத்தண்டச் சேத்துக் கட்டி மெதக்கவிட்டு, அதுல உக்காந்து கெளுத்தி புடிச்சவங்க. ஒரு வருசம் மழை இல்ல. மறு வருசம் மழை இல்ல. மூணாவது வருசம் கொளமே வெடிச்சுப் பொளந்து கெடந்துச்சு. கையில ஒரு வலை, இடுப்புல ஒரு பானை, அவ்வளவுதான் மிச்சம். இங்க எடம் கெடைக்கலைன்னா திரும்பிப் போக ஊரே இல்ல.

குமுதாயி வந்த உடனே படகு கேக்கல. காயல் போயி கடல்ல சேர்ற வாய் இருக்கே, மொகத்துவாரம், அங்க மூணு நாள் குத்துக்கால் போட்டு உக்காந்து பாத்தா. வாய்க்குக் குறுக்க தண்ணிக்கடியில ஒரு மணல்திட்டு. காலையில தண்ணி ஏறிக் கெடக்கும், படகெல்லாம் சொகமாத் தாண்டிப் போகும். சாயங்காலம் திட்டு மேல தண்ணி தொடையளவுக்கு எறங்கிரும். மீனை ரொப்பிக்கிட்டு வர்ற படகு திட்டுல தட்டும், பின்னாடியே அலை வந்து அறையும். மூணு நாள்ல மூணு படகு ஒடஞ்சதைக் கண்ணால பாத்தா. மூணுமே திரும்பி வரும்போதுதான்.

நாலாம் நாள் விடியற நேரத்துக்கே பட்டறைக்குப் போனா. அங்க ஆசாரி, மூக்காலயே பேசுற மனுசன். "பாருங்க தாயி, நல்லாப் பாருங்க. எடுத்தா எடுத்ததுதான், மாத்தறதுக்கில்ல"ன்னு மூணு படகக் காட்டுனாரு.

மொதல் படகு பெரிய தோணி. பாய்மரம், தூக்குன மூக்கு, ஆழமா எறங்குன அடிக்கட்டை. பாத்தாலே கும்பிடத் தோணும். ரெண்டாவது ஓடம். மெலிசா, தட்டையா, கணுக்கால் தண்ணியிலயும் வழுக்கிக்கிட்டுப் போகும். மூணாவது இருக்கே... அதைப் படகுன்னு சொல்ல ஆசாரிக்கே வெக்கம். வயிறு அகலம், அடி தட்டை, மூக்கு மட்டும் மேல நிமிந்து, எருமை தண்ணியில கெடந்து தலையத் தூக்குமே, அந்த மாதிரி. உள்ள ஆசாரி வீட்டுக் கோழி முட்டை போட்டு வச்சிருந்துச்சு.

அன்னைக்கே படகெடுக்க இன்னொருத்தனும் வந்திருந்தான். கொம்பையா. மீசை முன்னால வரும், ஆளு பின்னால வருவான். வந்தான், பாத்தான், பெரிய தோணியில கைய வச்சான். "இதுதாண்டா படகு! மாப்ள, உனக்கு அந்தக் கோழிக்கூடு இருக்கு பாரு!"ன்னு சோலையனப் பாத்துச் சிரிச்சான்.

சோலையனுக்கு முகம் செத்துப்போச்சு. "ஏ புள்ள, அந்த ஓடத்தையாவது எடுத்துட்டுப் போயிருவோமே"ன்னான்.

குமுதாயி காதுல வாங்கல. மூணு படகையும் தண்ணியில எறக்கச் சொன்னா. ஒரு கூடை எடுத்தா. ஈர மணல அள்ளி அள்ளிப் படகுல கொட்ட ஆரம்பிச்சா.

"என்ன தங்கச்சி, படகெடுக்க வந்தியா, வீடு கட்ட வந்தியா?"ன்னான் கொம்பையா. கரையில நின்ன சனமெல்லாம் கொல்லுன்னு சிரிச்சுது.

"எங்க ஊர்ல பானை வாங்கினா தண்ணி ஊத்திப் பாத்துத்தாண்ணே வாங்குவோம்"ன்னா குமுதாயி. நிமிந்துகூடப் பாக்கல.

பன்னெண்டு கூடை மணலு, அதுக்கு மேல புருசன். தோணி நெஞ்சளவு தண்ணி கேட்டுச்சு. ஓடத்துல ஏத்துனா, விளிம்புக்கும் தண்ணிக்கும் ஒரு விரக்கடைதான்; ஒரு அலை வந்தா உள்ளதான். எருமைப் படகுல ஏத்துனா. அது ஒரு சாண் எறங்குச்சு. எறங்கி, தொடையளவு தண்ணியிலயே தரை தட்டாம மெதந்து நின்னுச்சு. ஆடல, அசையல.

குமுதாயி ஒரு சிப்பிய எடுத்து, தண்ணி தொட்ட எடத்துல படகு வெளிப்பக்கம் சரக்குன்னு ஒரு கோடு கீறுனா.

"இது போதும் ஆசாரி. கோழிய எடுத்துக்கங்க."

அன்னைக்குக் காலையிலயே காயல்ல வலை வீசுனாங்க. மடவை கெடச்சுது. தண்ணி ஏறிக் கெடந்ததால திட்டைத் தாண்டுறது சுளுவா இருந்துச்சு. கொம்பையா தோணி பாய விரிச்சுக்கிட்டு இவங்களத் தாண்டிச் சர்ருன்னு போச்சு. "வாங்க, வாங்க, நாளைக்குள்ள வந்து சேந்துருவீங்க!"ன்னு கத்திக்கிட்டே போனான்.

கடல்ல மொத வீச்சுல ஒண்ணுமில்ல. ரெண்டாவது வீச்சுல பாசி. மூணாவது வீச்சுல வலை கனத்துச்சு பாருங்க! வாவலும் சாளையும் வெள்ளி வெள்ளியா வந்து விழுந்துச்சு. சோலையன் மூணு வருசப் பசியில இருக்கறவன். அள்ளுறான், அள்ளுறான், நிறுத்தவே இல்ல.

"போதுங்க, கோடு முங்கிருச்சு."

"கோடாவது ஒண்ணாவது! ராஜா வாயப் பொளக்கணும் இன்னைக்கு!"

வெயில் சாய ஆரம்பிச்சுது. மொகத்துவாரத்துக்குக் கிட்ட வந்து பாத்தா, தண்ணி எறங்கிக்கிட்டிருக்கு. திட்டு மேல அலை வெள்ளையா ஒடையுது. அங்க நடுத்திட்டுல, ஐயோ, பெரிய தோணி. ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. அடிக்கட்டை மணல்ல குத்தி நிக்குது. ஒரு அலை அடிச்சா ஒரு பலகை பேந்து வருது. கொம்பையா ஒடிஞ்ச பாய்மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, மீசையெல்லாம் தொங்கி, "மாப்ள! தங்கச்சி!"ன்னு அலறுறான்.

குமுதாயி குனிஞ்சு பாத்தா. கோடு ஒரு சாண் தண்ணிக்குள்ள.

"கொட்டுங்க மீனை."

"என்ன?"

"கோடு வெளிய தெரியுற வரைக்கும் கொட்டுங்க!"

சோலையன் கூடையக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "அடியே, மூணு வருசத்துல இன்னைக்குத்தாண்டி வயிறாரப் பாக்குறேன்!"

பின்னாடி அலை எந்திரிச்சுது. எருமைப் படகு திட்டுல தட்டுச்சு. ஒரே ஒரு தட்டு, அந்த ஒரு தட்டுல ரெண்டு பேரும் முன்னால போய் விழுந்தாங்க. சோலையன் எந்திரிச்ச உடனே கூடைய விட்டுட்டான். ரெண்டு பேரும் அள்ளிக் கொட்டுனாங்க. ஒரு கூடை கொட்டியும் கோடு தெரியல. ரெண்டு கூடை கொட்டியும் தெரியல. மூணு கூடை கொட்டவும் கோடு பல்லு மாதிரி வெளிய வந்துச்சு.

"இப்பத் தாண்டலாம்"னு சோலையன் கம்பை ஊணுனான்.

"இன்னும் அந்தத் தோணிக்காரர் ஏறலையே"ன்னா குமுதாயி.

சோலையன் அவளப் பாத்தான். கூடையில மிச்சம் இருக்கற மீனப் பாத்தான். சூரியனப் பாத்தான். பனமரத்தளவுக்கு எறங்கிக் கெடந்துச்சு. கொம்பையா ஏறுனா அவன் கனத்துக்கு மிச்ச மீனும் போகணும். குமுதாயி ஒரு மடவை, ஒரு வாவலு, ரெண்ட மட்டும் எடுத்து மடியில சொருகிக்கிட்டா. மத்ததையெல்லாம் கவுத்துட்டா.

தோணிக்குப் பக்கத்துல போகவும் கொம்பையா தொப்புன்னு உள்ள விழுந்தான். படகு எறங்குச்சு, எறங்குச்சு, எறங்கிக் கோட்டுல வந்து நின்னுச்சு.

"கம்ப எடுக்காதீங்க. அலைய எண்ணுங்க"ன்னா. மூணு நாள் பாத்தவளாச்சே, மூணு பெரிய அலைக்கப்புறம் கொஞ்சம் அமைதி வரும்னு அவளுக்குத் தெரியும். ஒண்ணு. படகு மூக்கத் தூக்கிக்கிச்சு. ரெண்டு. தண்ணி உள்ள தெறிச்சுது. மூணாவது அலை தோணிய ரெண்டாப் பொளந்துச்சு.

"இப்ப!"

மூணு பேரும் சேந்து கம்பை ஊணித் தள்ளுனாங்க. அடியில மணல் கரகரன்னு உரசுச்சு. உரசிச்சு, உரசிச்சு, உரசல் நின்னுச்சு. முன்னால காயல் தண்ணி, சலனமே இல்லாம கெடந்துச்சு.

அரமணைக்குள்ள ஓடும்போது சூரியன் பாதி முங்கியாச்சு. ராஜா வெறுந்தட்ட வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு. குமுதாயி மடியிலருந்து ரெண்டு மீன எடுத்து, ஒண்ண வலப்பக்கம் வச்சா, ஒண்ண எடப்பக்கம் வச்சா.

"ரெண்டே ரெண்டா?"ன்னாரு ராஜா.

"நீங்க கேட்டதே ரெண்டுதானே மகாராசா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உங்களுக்கு எடம் உண்டு"ன்னாரு. அப்புறம் கொம்பையாவப் பாத்தாரு. "படகும் இல்ல, மீனும் இல்ல. நீ கெளம்பு."

கொம்பையா தலையக் குனிஞ்சு திரும்புனான். குமுதாயி குறுக்க வந்து நின்னா. "மகாராசா, இவர ஏத்தறதுக்காக நாங்க கவுத்தது ரெண்டு தண்ணி மீனும் கலந்த ஒரு கூடை. அதுல ஒரு மடவையும் ஒரு வாவலும் இவரு கணக்குன்னு வச்சுக்கங்க. இவரு எங்க படகுலயே கம்பு புடிக்கட்டும்."

ராஜா யோசிச்சாரு. பசி யோசிக்க விடல. "சரி சரி, போங்க எல்லாரும், மீன் பொரிய விடுங்க!"ன்னாரு.

மறுநாள் காலையில மூணு பேரும் படகெறக்கப் போனா, ஆசாரி வீட்டுக் கோழி திரும்பவும் வந்து உக்காந்திருந்துச்சாம். கொம்பையாதான் அதைக் கையால மெதுவாத் தூக்கிக் கரையில விட்டான். அப்புறம் அவனே குனிஞ்சு கோட்டத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

அதனால கேட்டவங்க எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க: எதையும் எடுக்கும்போது அது காலியாப் போற அழகப் பாக்காதீங்க, பாரத்தோட வீடு திரும்புமான்னு பாத்து எடுங்க.